ஹைதராபாத்தில் ஒரே நாளில் அரண்மனையும் அருங்காட்சியகமும்: எதை முதலில், எதை விடுவது?

வாசகர் கேட்டது, அக்டோபர் 3

மாதக் கடைசியில் ஹைதராபாத்தில் ஒரு கல்யாணம். வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வந்து இறங்குகிறோம். அன்று முழுக்க எங்களுக்கு வேலை இல்லை. அம்மா, நான், பத்து வயது மகன். சௌமஹல்லா அரண்மனை, சாலார் ஜங் அருங்காட்சியகம், நிஜாம் அருங்காட்சியகம், ஃபலக்நுமா அரண்மனை, சார்மினார் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாமா? நண்பர் ஒருவர், எல்லாம் அந்த ஊரை ஆண்ட நிஜாம் வீட்டுச் சாமான்தான், சாலார் ஜங்கைப் பார்த்தால் போதும், மற்ற இடங்களிலும் அதே வாளும் தட்டும்தான் என்கிறார். உண்மையா?

அக்டோபர் 3, இரவு

முதலில் கிழமையை மாற்றுங்கள். சாலார் ஜங், சௌமஹல்லா, புரானி ஹவேலியில் உள்ள நிஜாம் அருங்காட்சியகம், மூன்றுக்கும் வெள்ளிதான் விடுமுறை. நம் ஊர்ப் பழக்கத்தில் வெள்ளியன்று மூடியிருக்கும் என்று யாருக்கும் தோன்றாது. என் சித்தப்பா குடும்பம் அப்படித்தான் பூட்டிய கதவின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். ரயிலை ஒரு நாள் முன்னால் தள்ள முடியுமா பாருங்கள். மீதி நாளை எழுதுகிறேன்.

அக்டோபர் 4, காலை

ஆறு வருடம் அந்த ஊரில் வேலை பார்த்தேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் கூட்டிக்கொண்டு போவது என் பொறுப்பு. குறைந்தது ஒன்பது தடவை இந்தச் சுற்றைப் போயிருப்பேன். அதனால் சொல்கிறேன், ஐந்து இடம் ஒரே நாளில் வேண்டாம்.

என் முதல் சுற்று ஒரு சுற்றுலா வேனில். சாலார் ஜங்குக்கு நாற்பது நிமிடம் கொடுத்தார்கள். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள் இருக்கிற இடம் அது! அம்மா படி ஏறி முடிக்கும்போதே கீழே ஹாரன் சத்தம். அன்றைக்கு ஆறு இடம் பார்த்தோம். இரவு அறைக்கு வந்து அம்மாவிடம் எது பிடித்தது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மதியம் மர நிழலில் உட்கார்ந்தது என்றார். அதற்கப்புறம் நான் யாரையும் ஒரே நாளில் மூன்று இடத்துக்கு மேல் கூட்டிப் போனதில்லை. சார்மினார் அதில் சேர்த்தி இல்லை. அது தெருவிலேயே நிற்கிறது, போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் நண்பர் சொன்னதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. சௌமஹல்லா என்பது சாமான் போன வீடு. சாலார் ஜங் என்பது வீட்டை இழந்த சாமான். ஒன்றை மட்டும் பார்த்தால் பாதிதான் பார்த்தீர்கள்.

சௌமஹல்லாவில் நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் இடம். முற்றம், நீர்த்தொட்டி, அதைச் சுற்றி மஹால்கள். பெயருக்கே நான்கு அரண்மனை என்றுதான் பொருள்: அஃப்சல், மஹ்தாப், தஹ்னியத், ஆஃப்தாப். பதினெட்டாம் நூற்றாண்டில் தொடங்கி, ஐந்தாம் நிஜாம் அஃப்சல் உத் தௌலா காலத்தில்தான் கட்டி முடித்தார்கள். நடுநாயகம் கில்வத் முபாரக் என்ற தர்பார் கூடம். உள்ளே பளிங்கு மேடை, அதற்கு மேலே 19 பெல்ஜியம் கண்ணாடிச் சரவிளக்குகள். மேடையில் ஆள் இல்லை. அந்தக் காலியான மேடையைப் பார்த்துவிட்டு சாலார் ஜங்குக்குப் போனால், அங்கே இருக்கிற வாள், ஜேடு என்ற பச்சைக் கல்லில் செய்த கிண்ணம், தந்த நாற்காலி எல்லாவற்றையும் மனசு தானாகவே அந்தக் கூடத்தில் கொண்டுபோய் வைத்துப் பார்க்கும். அதனால் முதலில் அரண்மனை, பிறகு அருங்காட்சியகம். நிஜாம் சேர்த்து வைத்த பொருளை எல்லாம் இப்படிப் பார்த்தால்தான் உயிர் வரும்.

அக்டோபர் 4, மதியம்

மேலே கடைசி வரியில் தவறு செய்துவிட்டேன். சாலார் ஜங் நிஜாம் இல்லை. இரண்டு பேர் தனிச் செய்தியில் திருத்தினார்கள், நன்றி. ஒன்பது தடவை போனவளுக்கே கை தவறி இப்படி வருகிறது என்றால், இந்தக் குழப்பம் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது பாருங்கள். உங்கள் நண்பருக்கும் இதே குழப்பம்தான்.

சாலார் ஜங் என்பது நிஜாமின் திவான், அதாவது முதல் மந்திரி, குடும்பத்துக்குக் கிடைத்த பட்டம். முதல் சாலார் ஜங் 1853 முதல் 1883 வரை முப்பது வருடம் திவானாக இருந்தவர். மூன்றாம் சாலார் ஜங் மீர் யூசுஃப் அலி கான் 1912-இல் திவான் ஆனார், 1914-இலேயே விலகிவிட்டார். அப்போது வயது இருபத்தைந்து. அதற்கப்புறம் 1949-இல் இறக்கும்வரை பொருள் சேர்ப்பதுதான் அவர் வாழ்க்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வாரிசு இல்லை. 1951 டிசம்பரில் அவர் குடும்பம் வாழ்ந்த திவான் தேவ்டி மாளிகையிலேயே நேரு அருங்காட்சியகத்தைத் திறந்து வைத்தார். 1968-இல் மூசி ஆற்றங்கரையில் இப்போதுள்ள கட்டடத்துக்கு எல்லாவற்றையும் மாற்றினார்கள். பழைய தேவ்டி பிறகு இடிந்தும் இடிக்கப்பட்டும் போய், வாயில்கள்தான் மிச்சம். சாமானுக்கு வீடு இல்லை என்று நான் சொன்னது இதைத்தான்.

ஆனால் இந்தத் திருத்தத்தால் என் வாதம் கொஞ்சம் ஆடுகிறது, ஒப்புக்கொள்கிறேன். சௌமஹல்லா நிஜாமின் வீடு, சாலார் ஜங் திவானின் சாமான். ஒரே வீட்டின் இரண்டு பாதி இல்லை. முதலாளி வீட்டையும் மந்திரி வீட்டுப் பெட்டியையும் அடுத்தடுத்து பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படிப் பார்த்தால் இன்னும் சுவை கூடுகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அக்டோபர் 6

ரயிலை வியாழனுக்கு மாற்றிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நல்லது. மகனுக்குக் கடிகாரம் பிடிக்கும் என்று கூடவே ஒரு வரி எழுதினீர்களே, அதனால் நான் சொன்ன வரிசையையே மாற்ற வேண்டியதாகிறது.

சாலார் ஜங்கில் ஓர் இசைக் கடிகாரம் இருக்கிறது. குக் அண்ட் கெல்வி நிறுவனத்தார் செய்தது. உள்ளே ஒரு கொல்லன் பொம்மை சுத்தியலால் நொடிக்கொரு தட்டு தட்டிக்கொண்டே இருக்கும். மணி நெருங்கும்போது கதவு திறந்து தாடிக்காரப் பொம்மை ஒன்று வெளியே வரும். எத்தனை மணியோ அத்தனை அடி அடித்துவிட்டு உள்ளே போய்விடும். அவ்வளவுதான். ஆனால் அதைப் பார்க்க நூற்றுக்கணக்கானவர்கள் முன்கூட்டியே வந்து உட்கார்ந்து காத்திருப்பார்கள். பேச்சு அடங்கும், கைக்குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொள்வார்கள். நான் போன எல்லா முறையும் பொம்மை வெளியே வந்ததும் கூட்டத்திலிருந்து ஒரே மாதிரி ஒரு மூச்சுச் சத்தம் எழும். எனக்கு அந்தக் கடிகாரத்தை விட அந்தச் சத்தம் பிடிக்கும்.

பன்னிரண்டு மணிக்குப் பார்த்தால் பன்னிரண்டு அடி. ஒரு மணிக்குப் போனால் ஒரே அடி, பையன் ஏமாந்துவிடுவான். இரண்டு இடமும் காலை 10 மணிக்குத்தான் திறக்கும். முதலில் சௌமஹல்லா போனால் பன்னிரண்டுக்குள் அங்கிருந்து கிளம்பி, பத்தர்கட்டி நெரிசலைத் தாண்டி வந்து, சீட்டு வாங்கி, பையைக் கொடுத்துவிட்டு உட்கார முடியாது. சரி, அப்படியானால் காலை 10 மணிக்கு சாலார் ஜங். 11.40-க்கெல்லாம் கடிகாரத்தின் முன்னால் இடம் பிடித்துவிடுங்கள். ஒரு மணிக்கு வெளியே வந்து சாப்பிட்டுவிட்டு சௌமஹல்லா.

அரண்மனைதான் முதலில் என்று அன்றைக்கு அவ்வளவு உறுதியாக எழுதினேன். போன வருடம் அக்கா பெண்ணுக்காக இப்படித் தலைகீழாகப் போனபோது என்ன நடந்தது என்று யோசித்துப் பார்த்தேன். சாலார் ஜங்கில் மூன்று மணி நேரம் பொருள், பொருள், பொருள் என்று பார்த்துக் கண் நிறைந்துவிட்டது. சாப்பிட்டுவிட்டு தர்பார் கூடத்தில் போய் நின்றால் அந்த வெறுமை இன்னும் பெரிதாகத் தெரிந்தது. அவள் ஏழாம் வகுப்பு. "இவ்வளவு பெரிய ரூம்ல அவங்க உட்கார நாற்காலிகூட இல்லையா சித்தி?" என்று கேட்டாள். காலையில் பார்த்த நாற்காலிகள் அவள் கண்ணில் இருந்ததால்தான் அந்தக் கேள்வி வந்தது. ஆக, என் வரிசையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். குழந்தை கூட வந்தால் அருங்காட்சியகம் முதலில்.

அக்டோபர் 6, இரவு

சாலார் ஜங்கில் எல்லாக் கூடத்தையும் பார்க்க முயற்சி செய்யாதீர்கள். கீழ்த்தளம், கடிகாரம், முகத்திரை ரெபேக்கா சிலை, ஆயுதம், ஜேடு. இத்தனை போதும். அம்மாவுக்கு முட்டி வலி இருந்தால் வாசலிலேயே சக்கர நாற்காலி கேளுங்கள், எங்களுக்குக் கிடைத்தது. அம்மா முதலில் கூச்சப்படுவார். உட்கார்ந்த பத்தாவது நிமிடம் "அங்க தள்ளு, இங்க தள்ளு" என்பார்.

அக்டோபர் 7

புரானி ஹவேலி தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். சுற்றுலா வேன்கள் பெரும்பாலும் விட்டுவிடும் இடம். சாலார் ஜங்கிலிருந்து ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான். எனக்கு இந்த மூன்றில் மிகவும் பிடித்தது அதுதான். காரணம் என் அப்பா.

அப்பா தச்சர். நாற்பது வருடம் கதவு, ஜன்னல், பீரோ. அரண்மனை என்றால் அவருக்கு ஒரு மரியாதை, அவ்வளவுதான். சௌமஹல்லாவில் சரவிளக்கை நிமிர்ந்து பார்த்துவிட்டு "தூசி தட்டவே ஒரு ஆள் வேணும்" என்றார். சாலார் ஜங்கில் சுற்றிக் களைத்துப்போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

புரானி ஹவேலியில் நிஜாமின் உடை அலமாரி இருக்கிறது. அலமாரி என்றால் நம் வீட்டில் இருப்பது போல் இல்லை, அதுவே ஒரு கட்டடம். நீண்ட கூடத்தின் இரண்டு பக்கமும் பர்மா தேக்கில் அலமாரிகள், இரண்டு தளமாக. மேல் தளத்துக்குப் போகக் கையால் சுற்றி ஏற்றி இறக்கும் ஒரு மரத் தூக்கி. உலகத்திலேயே மிகப் பெரிய உடை அலமாரிகளில் ஒன்று என்று சொல்வார்கள்.

அப்பா உள்ளே நுழைந்ததும் செருப்பில்லாத காலில் நடக்கிற மாதிரி நடை மாறிவிட்டது. ஒவ்வொரு கதவாகக் குனிந்து கீலைப் பார்த்தார். தொடக் கூடாது என்று தெரியும், அதனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். சட்டங்கள் சேரும் மூலையில் கண்ணை வைத்து நெடுநேரம் பார்த்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: "நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒரு கதவுகூட இறங்கல பாரு." கதவு இறங்குவது என்றால் கீல் தளர்ந்து கதவின் மூலை தரையைத் தொட ஆரம்பிப்பது. வீடு மாறின புதிதில் எங்கள் வீட்டுக் கதவு இறங்கி, கோடையில் உளியும் இழைப்புளியுமாக அப்பா உட்கார்ந்திருந்தது நினைவு வந்தது. அவருக்கு அந்தக் கூடத்தில் நிஜாம் தெரியவில்லை. அதை அறுத்து, காய வைத்து, பொருத்தினவன் தெரிந்தான். அந்த ஆளின் பெயரைப் பலகையில் தேடினார்.

நான் அன்றைக்கு வரை எத்தனை பீரோவைப் பார்த்திருப்பேன். கதவு நேராக நிற்பதை ஒரு வேலை என்று நினைத்ததில்லை. இன்னமும் எந்த அருங்காட்சியகத்துக்குப் போனாலும் முதலில் கீலைத்தான் பார்க்கிறேன்.

அக்டோபர் 7, இரவு

நிஜாம் என்று மொட்டையாக எழுதியிருக்கிறேன். இந்தமுறை நானே பிடித்தேன். அலமாரி ஆறாம் நிஜாம் மஹ்பூப் அலி கானுடையது, 1911-இல் இறந்தவர். ஒருமுறை போட்ட உடையை மறுமுறை போடமாட்டார் என்று அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. அதே கட்டடத்தில் காட்சிக்கு இருக்கிற வெள்ளிக் கட்டட மாதிரிகள், பரிசுப் பேழைகள் எல்லாம் அவர் மகன் ஏழாம் நிஜாம் உஸ்மான் அலி கானுடைய வெள்ளி விழாவுக்கு வந்தவை. அந்த விழா 1937-இல் நடந்தது. அப்பன் அலமாரி, மகன் பரிசு என்று நினைவு வைத்துக்கொண்டால் குழம்பாது.

2018-இல் இங்கிருந்து ஒரு தங்க டிபன் பாக்ஸ் திருடு போய், சில நாளிலேயே பிடித்து மீட்டுவிட்டார்கள். பையனிடம் சொல்லுங்கள், அதை ஆர்வமாகப் பார்ப்பான். வைரம் பதித்த டிபன் பாக்ஸில் என்ன சாப்பாடு வைப்பார்கள் என்று என் அக்கா பெண் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 9

முகத்திரை ரெபேக்கா சிலை பற்றிக் கேட்டவருக்கு.

இத்தாலிச் சிற்பி பென்சோனி பளிங்கில் செய்தது. முதல் சாலார் ஜங் 1876-இல் ரோமில் வாங்கி வந்தார். விவிலியத்தில் ஈசாக்கைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண் ரெபேக்கா. முகத்தில் மெல்லிய திரை, திரைக்கு உள்ளே மூக்கும் உதடும் தெரியும். எல்லாம் ஒரே கல். திரை என்று தனியாக எதுவும் இல்லை என்பதை மூளை ஏற்றுக்கொள்ளவே சில நொடி ஆகும். முன்னால் நின்று செல்ஃபி எடுத்துவிட்டு ஓடாமல், ஒரு பக்கமாகப் போய் வெளிச்சம் கன்னத்தில் விழுகிற இடத்தில் நில்லுங்கள்.

என் அம்மா இதைப் பார்த்துவிட்டு, நம் ஊர்க் கோயிலிலும் இடுப்புத் துணி மடிப்பைக் கல்லில் வைத்திருக்கிறார்களே என்றார். உண்மைதான். ஆனால் நம் ஊர்க் கருங்கல் மிகக் கடினம், உளி பட்டால் பொறி பறக்கும். பளிங்கு மிருதுவானது, மெல்லியதாகத் தேய்த்துக்கொண்டே போகலாம். வெளிச்சம் கொஞ்சம் உள்ளே இறங்கி வரும், அதனால்தான் தோல் மாதிரித் தோன்றுகிறது. தாராசுரத்தில் பார்க்கும் துணி மடிப்பு கோடாக, கணக்காக இருக்கும். ரெபேக்காவின் திரை மூச்சு விட்டால் அசையும் போல் இருக்கும். எது உயர்ந்தது என்று அம்மாவும் நானும் திரும்பி வரும் வழியெல்லாம் சண்டை. அம்மா கட்சி தாராசுரம். கல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது, இத்தோடு விடுகிறேன்.

அக்டோபர் 12

ஃபலக்நுமாவை விடுங்கள். 2010 முதல் அது ஓட்டல். சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போகிற இடம் இல்லை, முன்பதிவு வேண்டும். நூற்றொரு பேர் ஒரே நேரத்தில் உட்காரும் சாப்பாட்டு மேசை அங்கே இருக்கிறது, எனக்கும் பார்க்க ஆசைதான். இந்த ஒரு நாளில் வேண்டாம்.

ஜேக்கப் வைரத்தையும் ஹைதராபாத்தில் தேடாதீர்கள். அப்பாவின் காலணிக்குள்ளிருந்து எடுத்து ஏழாம் நிஜாம் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருந்தார் என்று சொல்வார்களே, அந்த 184.75 காரட் வைரம். 1995-இல் நிஜாம் நகைகளோடு சேர்த்து இந்திய அரசு வாங்கிவிட்டது. டெல்லியில் அபூர்வமாகக் கண்காட்சி வைப்பார்கள்.

அக்டோபர் 13

சௌமஹல்லா பற்றி ஒன்று சேர்க்க விட்டுப்போனது. சாமான் போன வீடு என்று எழுதினேன், அது படிக்கிறவருக்கு இடிந்த வீடு என்று தோன்றும். அப்படி இல்லை. பல வருடம் பூட்டிக் கிடந்த இடத்தை இளவரசி எஸ்ரா முன்னின்று புதுப்பித்து, 2005-இல் மக்களுக்குத் திறந்தார்கள். 2010-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதும் கிடைத்தது. கடைசியாக நிஜாம் பட்டம் வைத்திருந்த, எஸ்ராவின் முன்னாள் கணவர் முகர்ரம் ஜா 2023 ஜனவரியில் இஸ்தான்புலில் இறந்தபோது, உடலைக் கொண்டுவந்து இங்கேதான் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். பிறகு மெக்கா மசூதியில் அடக்கம். நான் அந்த வாரம் ஊரில் இல்லை. பக்கத்து வீட்டு அம்மா வரிசையில் நின்று பார்த்துவிட்டு வந்து தொலைபேசியில் சொன்னார். நான் எப்போதும் காலியாகப் பார்த்த கூடம் அது. அன்றைக்கு ஆள் நிறைந்திருந்ததை அவர் வாயால் கேட்டதோடு சரி.

வாசல் கோபுரத்தில் ஒரு கடிகாரம் உண்டு, கில்வத் கடிகாரம் என்பார்கள். கடிகாரம் பழுது பார்க்கும் ஒரு குடும்பத்தார் வாரா வாரம் சாவி கொடுக்கிறார்கள். பையனுக்கு இதையும் காட்டுங்கள். 1912-ஆம் வருட மஞ்சள் ரோல்ஸ் ராய்ஸையும்.

அக்டோபர் 31

கேள்வி கேட்டவர் போய்விட்டு வந்து எழுதியிருக்கிறார். பன்னிரண்டு அடியையும் பையன் வாய்விட்டு எண்ணினானாம், பக்கத்திலிருந்த தெலுங்குக் குழந்தைகளும் சேர்ந்து எண்ணினார்களாம். பாட்டி சக்கர நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லையாம். மூன்றரை மணிக்கு சௌமஹல்லா முற்றத்தில் நீர்த்தொட்டி ஓரமாக உட்கார்ந்தவர்கள் மூடும்வரை அங்கேயே இருந்துவிட்டார்கள். புரானி ஹவேலிக்குப் போகவில்லை. இரண்டே இடம். சரியாகத்தான் செய்திருக்கிறார்கள், எனக்குக் குறையே இல்லை. அலமாரிக்காக மட்டும் கொஞ்சம் வருத்தம்.

இதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். தை மாதம் என்னைப் பார்க்க வருகிறவர், ஹைதராபாத் போய் அந்த அலமாரியை மட்டும் இன்னொரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்கிறார். போன முறை மேல் தளத்துக் கதவுகளைச் சரியாகப் பார்க்கவில்லையாம். கண்ணாடி மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றார்.